மூட்டையும் முடிச்சும்

ஊருக்குப் புறப்படும்போது எடுத்துப் போகிற அத்தனையையும் சேர்த்துத் தமிழில் ‘மூட்டை முடிச்சு’ என்கிறோம். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் அது ‘மூட்டா முல்லெ’. ஓசை நயத்துக்காகச் சேர்ந்த இணைமொழி என்று இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் துணியே பெட்டியாகவும் பையாகவும் இருந்த காலத்தில் இவை இரண்டும் வெவ்வேறு சுமைகள். மூட்டை சரக்கு, முடிச்சு காசு. மூட்டையின் பழைய வடிவமான ‘மூடை’ புறநானூற்று 343ஆம் பாட்டிலேயே வருகிறது. முசிறியில் குவிந்த மிளகு மூடைகள் அவை. ஊரறியத் தலையிலும் வண்டியிலும் போகிற பொருள் அது. முடிச்சோ முந்தானை ஓரத்திலும் வேட்டி மடியிலும் ஒளிந்திருப்பது. கிழித்த துணியான ‘கிழி’, காசு முடிந்த துணிக்கே பெயராகித் திருவிளையாடல் கதையில் தருமிக்குப் பொற்கிழியாய்க் கிடைத்ததும் இந்த வழியில்தான். திருடனை ‘முடிச்சவிழ்க்கி’ என்று திட்டிய தமிழர் ‘மூட்டையவிழ்க்கி’ என்று திட்டியதில்லை. தெலுங்கு ‘முல்லெ’க்கும் சேர்த்து வைத்த செல்வம் என்றொரு பொருள் உண்டு.

இந்த வேறுபாடு இன்றும் அழியாமல் இருக்கும் இடம் திருப்பதி. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை திருப்பதியும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. நேர்ச்சைப் பழக்கமும் பொதுவானது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்தி, ஒரு நாணயத்தை வைத்து, ஏழுமலையானை வேண்டி முடிந்து, சாமி படத்தருகே வைத்துவிடுவார்கள். தமிழில் அது காணிக்கை முடிப்பு, தெலுங்கில் ‘முடுப்பு’. வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் அந்தக் காசில் கை வைப்பதில்லை. வேண்டுதல் பலித்ததும் அதை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போவார்கள். 1944இல் மலைப்பாதை போடும்வரை வண்டியில் ஏற வழியில்லை. நடக்க வேண்டும், முடியாதவர் டோலியில் போக வேண்டும். இப்போது மலையடிவாரத்து அலிபிரியில் பைகளை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு படியேறலாம், தேவஸ்தானமே இலவசமாக மேலே கொண்டு சேர்க்கிறது. ஆனால் முடிப்பை அந்தப் பையோடு அனுப்புகிறவர் அரிது. மூட்டையைப் பிறர் சுமக்கலாம், முடிப்பு தன்னோடு வரவேண்டும்.

முடிச்சில் வெற்றிலையும் அரிசியும் கூடத்தான் கட்டினார்கள், பிறகென்ன காசுக் கணக்கு என்று கேட்கலாம். கட்டினார்கள்தான். ஆயினும் சொல்லின் கிளைகளைப் பார்த்தால் சாய்வு தெரியும்: பணமுடிப்பு வழங்கும் விழா இன்றும் நடக்கிறது, உள்ளே காசோலை இருந்தாலும் பெயர் முடிப்புதான். வேட்டி மடிக்குப் பதிலாகச் சுருக்குப்பையும் பர்ஸும் வந்த பிறகு முடிச்சு தன் வேலையை இழந்தது. மூட்டைக்கு அடைமொழி போல ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும். சொல் தமிழிலிருந்து தெலுங்குக்குப் போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்ற சண்டைக்கும் இடமில்லை. தமிழ் ‘முடி’யும் தெலுங்கு ‘முடி’யும் ஒரே திராவிட வேரின் கிளைகள், மூட்டையும் ‘மூட்ட’வும் அப்படியே. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமான பிறகு சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று மல்லுக்கட்டி 1960இல் எல்லைக்கோடு போட்டார்கள். திருமலை உண்டியலோ தொங்கவிட்ட பெரிய துணிப்பைதான். இரு பக்கத்து மஞ்சள் முடிப்புகளும் அதற்குள்தான் விழுகின்றன, காசு எண்ணும் இடமான பரகாமணியில்தான் அவிழ்கின்றன.