பைகாராவின் மின்சாரமும் சிறுவாணியின் தண்ணீரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், அதாவது தென்மேற்குப் பருவமழையை மலையே தடுத்துவிடும் பக்கத்தில், அமைந்த கோயம்புத்தூர்ச் சமவெளி பருத்தி விளையும் கரிசல் மண்ணைப் பெற்றிருந்தாலும் குடிநீருக்கு நெடுங்காலம் தவித்த நிலமாகும். 1866இல் நகராட்சி ஏற்பட்ட பிறகும் மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பியிருந்தனர். பல கிணறுகளில் ஊறியதோ குடிக்க உதவாத உப்புத் தண்ணீர். சிறுவாணி ஆற்று நீரை மலையைக் குடைந்து கொண்டுவரலாம் என்று பத்திரிகையாளர் சே. ப. நரசிம்மலு நாயுடு 1889 அளவிலேயே வலியுறுத்தினார். ஆயினும் செலவைக் காட்டியே திட்டம் ஒத்திவைக்கப்பட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1920களின் இறுதியில்தான் அந்த நீர் நகருக்கு வந்தது.

பொதுப்பணம் இப்படித் தயங்கிய இடத்தில் தனியார் அறம் எவ்வளவு செய்ய முடிந்தது என்பதற்குப் பீளமேடு ஒரு சான்று. அப்போது அது கோயம்புத்தூர் நகர எல்லைக்கு வெளியே கிடந்த ஊர். அவ்வூரின் பூ. சா. கோ. குடும்பத்துச் சகோதரர் நால்வர் தந்தையின் சொத்தை ஐந்தாகப் பகிர்ந்து, ஐந்தாம் பங்கை 1926இல் அறநிலையமாக்கி, அதன்வழிக் கல்வியை வளர்த்தது அவ்வூரின் பெருமை. தனியார் அறத்தால் பள்ளி எழுப்ப முடிந்தது. ஆனால் அணையும் சுரங்கமும் மின்கம்பிப் பாதையும் எழுப்ப முடியவில்லை. இவற்றுக்கு அரசுப் பணமே வேண்டியிருந்தது.

சென்னை மாகாண அரசு நீலகிரியில் கட்டிய பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. தொலைவிலிருந்து வரும் நிலக்கரியை எரித்து நீராவி இயந்திரங்களை ஓட்டிய ஆலைகளுக்கு மலிவான மின்சாரம் கிடைத்ததால் பஞ்சாலைகள் பெருகின. கிணற்று மோட்டார்களும் பரவின. கோயம்புத்தூரை உள்ளடக்கிய கொங்குநாட்டின் தொழில் வளர்ச்சியை முழுக்கத் தன்முயற்சியின் பயனாகவே பேசுவோர் இந்தப் பொதுச்செலவை மறந்துவிடுகின்றனர்.

பொதுச்செலவின் வரிசைமுறையும் கவனிக்கத்தக்கது. மின்சாரம் ஆலைகளைத் தேடி விரைந்து வந்தது; சிறுவாணித் திட்டமோ நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோரை முன்வைத்தே வகுக்கப்பட்டதால், எல்லைக்கு அப்பால் ஆலைகளைச் சுற்றிக் குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. 1956இன் மாநில மறுசீரமைப்பில் சிறுவாணியின் நீர்ப்பிடிப்புப் பகுதி கேரளத்துக்குச் சென்றதால், அங்கே பெரிய அணை கட்ட 1973இல் இரு மாநில உடன்படிக்கை தேவைப்பட்டது. அணை 1984இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. ஆலையின் தேவையைவிடத் தொழிலாளியின் குடத்துக்கான தேவை சிறிதன்று. அது பிந்தியதற்குக் காரணம் பணமின்மை மட்டுமன்று, யாருடைய தேவையை முதலில் எண்ணுவது என்ற முடிவும்தான்.