கைவினைக்கு ஒரு சாட்சி

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கொக்குவில், கோண்டாவில் ஆகிய ஊர்களைக் கடந்து இணுவிலை அடைவர். தோட்டப் பயிருக்கும் நாதசுர தவில் இசைக்கும் பெயர்பெற்ற இவ்வூரின் கந்தசுவாமி கோயிலில் பெருமஞ்சம் ஒன்று இருக்கின்றது. பெரிய சந்நியாசியார் என்று மக்கள் போற்றிய துறவியின் முயற்சியால், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது உருப்பெற்றது. தட்டுத் தட்டாக எழும் அதன் மரவேலையில் உளி படாத இடம் காண்பது அரிது. தைப்பூசத்தை ஒட்டி அது வீதிக்கு வரும்போது அடியார் கூட்டம் முருகனைக் காண்கின்றது. தச்சுவேலை அறிந்தவரோ முருகனைக் கண்ட கண்ணாலேயே உளியின் நெளிவையும் காண்கின்றார்.

அவ்வாறு கண்டவர் கண்ணில் நின்ற நேர்த்தி, காணாதவருக்கு எவ்வாறு போய்ச் சேரும்? ஒருவர் கையால், ஒரே முறை செய்யப்பட்ட பொருளுக்கு இரண்டாம் படி இல்லை. அது சிதைந்தாலோ களவு போனாலோ, அதனைச் செய்தவன் திறமைக்குச் சாட்சி சொல்ல எது எஞ்சும்? இலங்கையின் வரலாற்றில் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பிய பொருள் ஒன்று உண்டு. அது வேலைப்பாடமைந்த துவக்கு.

துவக்கு என்னும் சொல்லே ஒரு சிறு வரலாறு. துருக்கியர் துஃபெக் என வழங்கிய சொல் கடல்வழிகளில் அலைந்து ஈழத் தமிழில் துவக்கு ஆயிற்று. சிங்களத்திலும் அதுவே துவக்குவ என நின்றது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வந்தபின், இலங்கைக் கொல்லர் சுடுகலன் செய்யும் தொழிலில் விரைந்து தேர்ச்சி பெற்றனர். கோவாவில் சில ஆண்டுகள் தங்கியிருந்த ஒல்லாந்தராகிய லின்சோட்டன், 1596இல் வெளியிட்ட நூலில், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல்களின் அழகையும் வெள்ளிபோன்ற அவற்றின் பளபளப்பையும் வியந்து எழுதினார்.

கண்டி அரசின் காலத்துத் துவக்குகளைப் பார்ப்போர் அந்த வியப்பைப் புரிந்துகொள்வர். ஐரோப்பியத் துவக்கில் வலப்புறத்தே அமையும் விசைப்பொறி பெரும்பாலும் இவற்றில் இடப்புறத்தே அமைந்திருக்கும். தோளில் தாங்கும் அடிக்கட்டை இரு சுருளாக வளைந்திருக்கும். மரத்தில் கொடிவேலை, இரும்பில் வெள்ளிப் பதிப்பு, இடையிடையே தந்தம் என ஒன்றன்மேல் ஒன்றாக வேலை படர்ந்திருக்கும். தச்சனும் கொல்லனும் தட்டானும் கூடி, ஒரு பிரபுவுக்கென அளந்து செய்த பொருள் அது.

கண்டி நகரை 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கைப்பற்றியது. கீர்த்தி சிறீ இராசசிங்கன் நகரைவிட்டு நீங்கினான், அரண்மனை சூறையாடப்பட்டது. அங்கிருந்து சென்ற பொருள்களுள், 1745 அளவில் லேவுக்கே என்னும் திசாவை மன்னனுக்குக் காணிக்கையாக அளித்த சிறு பீரங்கியும் ஒன்று. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த அப்பீரங்கி ஒல்லாந்தை அடைந்து, பின்னாளில் ஆம்ஸ்டர்டாம் நகரின் இரெய்க்ஸ் நூதனசாலையில் இடம்பெற்றது. பெருந்துவக்குகள் இரண்டும், பொன், வெள்ளி வேலைப்பாடமைந்த வாள்கள் இரண்டும், கத்தி ஒன்றும் அதே நூதனசாலையில் இருந்தன. இவ்வாறு பொருள்களையும் இலங்கைக்குத் திருப்பித் தருவதென ஒல்லாந்த அரசு 2023ஆம் ஆண்டு முடிவு செய்தது. அவ்வாண்டின் இறுதியில் அவை கொழும்பு வந்து சேர்ந்தன. சூறை நடந்து 258 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இப்பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதை நிலைநாட்டும் பணி எளிதாய் இருக்கவில்லை. பழைய பட்டியல்களையும் கடிதங்களையும் தேடி, உலோகத்தையும் வேலைப்பாட்டின் பாணியையும் ஆராய்ந்து, இலங்கை அறிஞரும் ஒல்லாந்த அறிஞரும் கூடியே முடிவுக்கு வந்தனர். கண்டி அரண்மனையில் அத்துவக்குகள் இருந்த கோலத்தைக் காட்டும் படம் எதுவும் இருக்க முடியாது. ஏனெனில் நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான்.

நிழற்படத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஆங்கிலேயர் தோல்பற்று, 1844இல் வெளியிடத் தொடங்கிய தமது நூலில், பீங்கான் கலங்கள் அடுக்கிய தட்டுகளின் படம் ஒன்றைச் சேர்த்திருந்தார். கள்வன் ஒருவன் அக்கலங்களைக் கவர்ந்து சென்றால், இப்படம் நீதிமன்றத்தில் வாய்பேசாச் சாட்சியாக நிற்கலாமே என்பது அவர் எண்ணம். கலை பிறந்து ஐந்தாண்டு கழியுமுன்னரே அதன் கடமையும் சொல்லப்பட்டுவிட்டது.

ஆயினும் சாட்சி திருத்தமாய்ப் பேசவேண்டுமே! தொடக்ககாலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே நன்கு உணர்ந்தன; மஞ்சளும் சிவப்பும் அவற்றில் கருமையாகப் பதிந்தன. கருமரத்தில் பதித்த பொன்னும் மாணிக்கமும் அத்தகைய தகட்டில் தமக்குரிய ஒளியை இழந்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடைக்கு வந்தன. அதற்கு முன் வாழ்ந்த சிறந்த துவக்குகள் பலவற்றை இன்று சொல்லால் மட்டுமே அறிய முடிகின்றது. நுவரெலியாவில் குடியேறி வேட்டையால் பேர்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிஸ்தல் நகரத்துக் கிப்ஸ் என்னும் தொழிலாளரிடம் தமக்கென 21 இறாத்தல் எடையுள்ள துவக்கு ஒன்றைச் செய்வித்தார். தம் நூலில் அதன் எடையையும் ஆற்றலையும் அவர் விரித்துரைத்தார். செய்தவர் கைநேர்த்தியை அவ்வுரை கண்முன் நிறுத்தவில்லை.

இலங்கைக் கைவினைக்கு நிழற்படத்தால் சாட்சி தேடியவர்களுள் தலைசிறந்தவர் யாழ்ப்பாணத் தொடர்புடைய ஒருவரே. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் பாட்டனார், பருத்தித்துறையை அடுத்த கெருடாவிலைச் சேர்ந்தவர். கனிப்பொருளாய்வுப் பணிக்காக 1903ஆம் ஆண்டு முதல் ஊரூராகச் சென்ற ஆனந்த குமாரசுவாமி, கல்லைத் தேடிய இடங்களில் கைவினைஞரைக் கண்டார். உடன்சென்ற மனைவியார் எதெல், அவர்தம் வேலைகளை நிழற்படமாக்கினார். இருவர் உழைப்பும் சேர்ந்து 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக வெளிவந்தது. கையச்சு இயந்திரத்தில் பொறிக்கப்பட்ட அந்நூலின் படிகள் 425 மட்டுமே. கொல்லரும் தட்டாரும் தச்சரும் கையாண்ட முறைகளை அந்நூல் உரைத்தது. அவர்கள் ஆக்கிய பொருள்களை அதன் படங்கள் காட்டின. பின்னாளில் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையில் பணியாற்றியபோது, அல்பிரட் ஸ்ரீக்ளிட்ஸ் என்னும் கலைஞரின் 27 நிழற்படங்களை 1924இல் அந்நூதனசாலை ஏற்றுக்கொள்ளச் செய்தவரும் குமாரசுவாமியே. கைவினையின் சாட்சியாக அவர் அறிந்த நிழற்படம், அங்கே தானும் ஒரு கலைப்பொருளாக ஏற்கப்பட்டது.

வேலைப்பாடமைந்த துவக்கைப் படமெடுப்போர் இன்றும் அதனைக் கடினமான பாடமென்றே கொள்வர். வெள்ளி கண்ணாடிபோல் எதிரொளிக்கும். கருமரம் ஒளியை விழுங்கும். தந்தம் வெளிறித் தோன்றும். ஒன்றுக்கு ஏற்ற ஒளி மற்றொன்றுக்குப் பகை. ஆதலின் விளக்கொளியை நேரே பாய்ச்சாது வெண்துணியினூடே பரப்பி, உலோகத்தின் எதிரொளியை மென்மையாக்குவர். செதுக்குவேலை புலப்படவேண்டிய இடத்தில் பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விடுவர். அப்போது ஒவ்வொரு கோடும் தன் நிழலால் எழுந்து நிற்கும். நீண்டு ஒடுங்கிய பொருளாதலின், கமராவைத் தள்ளி நிறுத்தி முழுவுருவை முதலில் எடுப்பர். அருகில் வைத்தெடுத்தால் அண்மைப் பகுதி பருத்தும் சேய்மைப் பகுதி சிறுத்தும் அளவு பிறழும். பின்னர் இருபுறமும், பொறியும், எழுத்தும், தேய்வும், ஒட்டுப்போட்ட இடமும் தனித்தனியே பதிவாகும். அளவுகோல் ஒன்று பக்கத்தே கிடக்கும். கைரேகை படாதிருக்கப் பருத்திக் கையுறை அணிவர். வாங்குவோரைக் கவரும் படத்துக்கு அழகு போதும். சாட்சியாக நிற்கவேண்டிய படத்துக்குக் குறைகளும் வேண்டும். ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவுவது பெரும்பாலும் அதன் வடுவே.

இதன் பயனைத் தமிழகம் அண்மையில் கண்டது. விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவாடப்பட்டுக் கடல்கடந்து, 2004இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டது. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில் கோயிலாகச் சென்று எடுத்துச் சேர்த்துவைத்த படங்களுள் அச்சிலையின் படமும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. கண்டித் துவக்குகள் 258 ஆண்டுகள் காத்திருக்க, விருத்தாசலத்துச் சிலை சில ஆண்டுகளில் மீண்டது. நாடுகளின் மனப்போக்கு மாறியதும் இதற்கு ஒரு காரணமே. எனினும் மறுக்கவொண்ணாத சாட்சியாய் நின்றது, பெயர் அறியாத ஒருவர் கோயில் இருளில் பொறுமையுடன் எடுத்த படம்.

இழப்பு என்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன. 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது, இணுவிலும் வெறிச்சோடியது. மஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு யாரால் நடக்க இயலும்?

இன்று ஏறக்குறைய ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கமரா இருக்கின்றது. திருவிழா நாளில் மஞ்சத்தின் படங்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்படுகின்றன. அவை கூட்டத்தையும் மாலையையும் விளக்கொளியையும் காட்டும். சந்நியாசியார் காலத்துத் தச்சர் கைவேலையைக் காட்டா. அதற்கு மஞ்சம் அலங்காரமின்றித் தன் கொட்டகையில் ஓய்ந்திருக்கும் நாளே தக்கது. துவக்குக்குக் கூறிய முறையே மஞ்சத்துக்கும் பொருந்தும்: தட்டுத் தட்டாக, முகம் முகமாக, சாய்ந்த ஒளியில், அளவுகோல் வைத்து, உடைவையும் திருத்தத்தையும் மறையாமல் எடுக்கவேண்டும். எடுத்த படங்களின் ஒரு தொகுதி ஊரிலும் மற்றொன்று ஊருக்கு வெளியிலும் இருத்தல் வேண்டும். மரவேலையின் பெயர்களை அறிந்த முதிய தச்சர் ஒருவர் பக்கத்தே நின்று, இது இன்னது என்று சொல்லச் சொல்ல அதனையும் எழுதிவைத்தல் வேண்டும்.

பொருளைச் செய்த கை மறைந்துவிடுகின்றது. பொருளும் ஒருநாள் மறையக்கூடும். அக்கை இன்னவாறு வேலை செய்தது என்பதையேனும் பின்வருவோர் அறியச் செய்தல், அந்த வேலையின் நிழலில் வாழ்ந்த ஊரார்க்கு உரிய கடன்.