சிறுத்தைப் பல்லி சாப்பிட மறுத்தால்

ஜித்தாவில், ஷரஃபியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன வருடம் ஒரு சிறுத்தைப் பல்லிக் குஞ்சு வந்து சேர்ந்தது. மகளின் பிடிவாதம். ஆள்காட்டி விரலைவிடச் சற்று நீளம். சமையலறைத் தராசில் 6 கிராம். முதல் ஐந்து நாட்கள் அது ஒன்றையும் தொடவில்லை. மகள் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

முதலில் இதன் பூர்வீகம். யூபிளெஃபாரிஸ் மாக்குலாரியஸ் என்ற இந்த இனத்தை 1854ல் விவரித்தவர் எட்வர்ட் பிளித். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்கள்தாம் இதன் சொந்த ஊர். நம் வீட்டுப் பல்லிபோல் சுவரேறாது. கண்ணுக்கு இமை உண்டு. பகலெல்லாம் கல்லிடுக்கில் பதுங்கியிருந்து, அந்தி சாய்ந்தபின் பூச்சி தேடும்.

வறண்ட நிலத்துப் பிராணிக்கு அரபு நாட்டில் என்ன குறை என்று நினைத்தேன். அங்கேதான் தவறு. வெளியே வெயில் கொளுத்தினாலும் எங்கள் வீட்டுக்குள் நாள் முழுதும் ஏசி ஓடுகிறது; அறையில் 22 டிகிரி. ஊர்வன தமக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்தே பெறுகின்றன. உடம்பு குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசி எடுக்காது. பெட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரியும், மறுபக்கம் 25 டிகிரி அளவிலும் இருக்கவேண்டும். அடியில் வைக்கும் வெப்பத் தகட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் பயன்படுத்தினால் வயிறு வெந்துவிடும்.

அடுத்தது பயம். இடம் மாறிய குஞ்சு ஒரு வாரம் வரை உண்ணாதிருப்பது சகஜம். கையில் எடுக்காதீர்கள். இரு பக்கமும் ஒளிய இடம் வையுங்கள். ஒன்றில் ஈரமான டிஷ்யூ இருக்கட்டும். தோல் வெளுத்திருந்தால் உரிக்கப் போகிறது என்று பொருள், அப்போதும் சாப்பிடாது. உரித்த தோலைத் தானே தின்னும். தரையில் மணல் வேண்டாம், விழுங்கினால் குடல் அடைபடும்.

இரை உயிருள்ளதாக, அசைவதாக இருக்கவேண்டும். சிறிய சுவர்க்கோழிப் பூச்சி அல்லது மீல்வார்ம் எனப்படும் மாவுப்புழு, பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்துக்கு மேற்படாமல். கால்சியம் பொடியில் புரட்டி, இரவில் இரண்டு மூன்று மட்டும் விடுங்கள். மிஞ்சிய பூச்சிகளை எடுத்துவிடுங்கள். தூங்கும் பல்லியை அவை கடிக்கும். வீட்டில் பிடித்த பூச்சி வேண்டாம், மருந்து பட்டிருக்கலாம். சோறு, பழம் எதுவும் ஆகாது. வாயை வலிந்து திறக்காதீர்கள். நசுக்கிய புழுவை உதட்டில் லேசாகத் தொட்டால், சில சமயம் நக்கிப் பார்த்து ருசி கண்டுகொள்ளும்.

எப்போது கவலைப்படவேண்டும்? இதன் சேமிப்பு வாலில் உள்ள கொழுப்பு. வளர்ந்த பல்லி வாரக்கணக்கில் தாங்கும், குஞ்சு தாங்காது. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை எடை பாருங்கள். எடை குறைந்துகொண்டே போனாலோ, வால் மெலிந்தாலோ, கழிச்சல் கண்டாலோ, பத்து நாள் தாண்டியும் உண்ணாவிட்டாலோ ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

எங்கள் குஞ்சு 5.5 கிராமுக்கு இறங்கியிருந்தது. ஆறாம் நாள் ஏசி காற்று படாத மூலைக்குப் பெட்டியை மாற்றி, தரைச் சூட்டை 32க்குக் கொண்டுவந்து, மேலே துணி போட்டு மூடினோம். மகள் எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். அதுதான் அவளுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. ஒன்பதாம் நாள் இரவு இரண்டு பூச்சிகள் விட்டோம். காலையில் துணியை விலக்கிப் பார்த்தால் பூச்சிகளைக் காணவில்லை. வெதுவெதுப்பான பக்கத்தில் குஞ்சு கண்மூடிக் கிடந்தது.