ஆடும் நெம்பும் நேர் செல்லும் தண்டும்

வட்டமாக ஆடும் நெம்பு ஒன்றினால் நேர்கோட்டிற் செல்லும் தண்டு ஒன்றை இயக்குவது எவ்வாறு? பொறிநுட்ப வரலாற்றில் இது பழைய வினா. ஜேம்ஸ் வாட் 1782 ஆம் ஆண்டில், பிஸ்டனின் இருபுறமும் நீராவியைச் செலுத்தும் எந்திரத்திற்கு உரிமை பெற்றார். அதற்கு முன்னிருந்த எந்திரங்களிற் பிஸ்டன் கீழ்நோக்கி இழுத்தால் மட்டும் போதும். ஆதலின் அதனைப் பெருநெம்புடன் சங்கிலியாற் பிணைத்திருந்தனர். புதிய எந்திரத்திலோ பிஸ்டன் மேல்நோக்கித் தள்ளவும் வேண்டியிருந்தது. சங்கிலியினால் எதையும் தள்ள முடியாது. இறுக்கமான கோலைப் பொருத்தினாலோ, நெம்பின் முனை வில்லைப் போல் வளைந்து சென்று பிஸ்டன் தண்டைப் பக்கவாட்டில் நெரிக்கும். இதற்குப் பரிகாரமாக 1784 இல் அவர் அமைத்த கோற்கட்டே இணையியக்கம் எனப் பெயர் பெற்றது. தாம் கண்ட பொறிகள் யாவற்றினும் இதனைக் குறித்தே பெருமை கொள்வதாக முதுமைக் காலத்தில் வாட் தம் மகனுக்கு எழுதினார்.

அவர் தீர்த்த அச்சிக்கல், நூற்றிருபது ஆண்டுகளின் பின் மோட்டார் வண்டியின் எந்திரத்தினுள்ளே சிறு வடிவிற் பிறந்தது.

பெட்ரோல் எந்திரம் மூச்சு வாங்குவதும் விடுவதும் வால்வுகளின் வழியாகவே. தொடக்க காலத்திற் பெரும்பாலான எந்திரங்களில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தே நின்றன. கேம் தண்டு அவற்றைக் கீழிருந்து ஏறக்குறைய நேராகவே தள்ளியது. அமைப்பு எளிது, செலவும் குறைவு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டு உற்பத்தியான போர்ட் ‘ரி’ வண்டி இம்முறையையே கொண்டிருந்தது. ஆயினும் பக்கத்து வால்வுக்கு இடமளிக்கும் பொருட்டு எரியறை அகன்று வளைந்தது. வாயுவும் கோணலான வழியிற் செல்ல நேர்ந்தது. எனவே எந்திரத்தின் ஆற்றல் ஓரளவுக்கு மேல் உயரவில்லை.

பியூயிக் நிறுவனம் வேறு வழியை நாடியது. வால்ற்றர் மார், யூஜீன் றிச்சர்ட் முதலியோரின் முயற்சியால் உருவான அதன் எந்திரத்தில் வால்வுகள் சிலிண்டரின் தலைக்கு மேலே தலைகீழாக நின்றன. அவ்வெந்திரம் பூண்ட வண்டிகள் 1904 இல் விற்பனைக்கு வந்தன. கேம் தண்டு கீழேயே இருந்தமையால், அதன் அசைவை நீண்ட தள்ளுகோல் மேலே கொண்டு சென்றது. அங்கே ஒரு சிறு நெம்பு அவ்வசைவைத் திருப்பி வால்வைக் கீழே அழுத்தியது. கராச்சுகளில் ‘றொக்கர்’ என வழங்குவது இந்நெம்பே.

றொக்கரினாற் கிடைத்த நன்மை பெரிது. அச்சிலிருந்து வால்வுப் பக்கம் தள்ளுகோற் பக்கத்தைவிட ஒன்றரை மடங்கு நீண்டிருந்தால், கேம் எட்டு மில்லிமீற்றர் உயர்த்தும்போது வால்வு பன்னிரண்டு மில்லிமீற்றர் திறக்கும். ஆனால் அந்நன்மையுடன் வாட்டின் பழைய சிக்கலும் வந்து சேர்ந்தது. வால்வின் தண்டு தன் வழிகாட்டிக் குழலில் நேராகவே செல்ல வேண்டும். றொக்கரின் முனையோ வட்டத்தில் ஆடுகிறது. ஆகவே முனை தண்டின் உச்சியைக் குறுக்கே உரசுகிறது. அவ்வுரசல் தண்டைப் பக்கவாட்டிலே தள்ள, குழல் ஒருபுறம் தேய்கிறது. எண்ணெய் கசிந்து எரியறையிற் புகுகிறது. வால்வு தன் இருக்கையிற் செவ்வனே அமராது பிழைக்கிறது. நிமிடத்திற்கு ஆறாயிரம் முறை சுழலும் எந்திரத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஐம்பது முறை திறக்கிறது என்பதை எண்ணினால், இத்தேய்வின் கடுமை விளங்கும்.

1955 இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. எட் கோல் தலைமையிலான பொறியியலாளர் உருவாக்கிய செவ்ரலே வீ-8 எந்திரமும், அதே ஆண்டில் வெளிவந்த பொன்டியாக் வீ-8 எந்திரமும் புதுவகை றொக்கரைக் கொண்டிருந்தன. பொன்டியாக் பிரிவின் கிளேட்டன் லீச் வகுத்த அமைப்பு அது. கனத்த வார்ப்பும் நீண்ட அச்சும் நீங்கின. தகட்டை அழுத்தி வடித்த றொக்கர், தனித்தனித் திருகாணியில் அரைப்பந்து ஒன்றின்மேல் ஆடியது. செவ்ரலே எந்திரத்தில் உள்ளீடற்ற தள்ளுகோலின் வழியே எண்ணெய் மேலேறி வந்தது. எடை குறைந்தது, விலையும் குறைந்தது.

அவ்வெளிய எந்திரத்தைப் பந்தயக்காரர் விரைந்து கைக்கொண்டனர். வேகம் கூடக் கூட வலிய சுருள்வில்கள் தேவைப்பட்டன. வில் வலுத்ததும் அரைப்பந்து சூடேறிக் கருகியது. முனையின் உரசலும் மிகுந்தது. இதற்கு விடையாகவே உருளி பூண்ட றொக்கர் பரவியது. அதன் முனையில் ஒரு சிறு உருளி; அச்சிலோ ஊசி போன்ற நுண்ணுருளைகள் நிறைந்த தாங்கி. வழுக்கும் உரசல் இரண்டிடத்தும் உருளும் அசைவாக மாறியது. பின்னர் இதன் ஒரு பகுதி நாளாந்த வண்டிகளுக்கும் வந்தது. 1997 இல் வெளியான செவ்ரலேயின் எல்.எஸ்.1 எந்திரத்தில் உருளி முனையில் இல்லை. அச்சில் மட்டும் ஊசித் தாங்கி இருந்தது.

உருளியைப் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்பினர். அந்நம்பிக்கை பல எந்திரங்களைக் கெடுத்தது. உருளி உரசலைக் குறைக்குமேயன்றி, முனை செல்லும் வளைகோட்டை நேராக்காது. வளைவு எவ்வளவு குறுக்கே நகரும் என்பதைத் தீர்மானிப்பது நெம்பு நிற்கும் உயரமே.

கணக்கு ஒன்று இதனைத் தெளிவாக்கும். அச்சின் நடுவிலிருந்து உருளியின் நடுவரை நாற்பது மில்லிமீற்றர், வால்வு திறக்கும் அளவு பன்னிரண்டு மில்லிமீற்றர் எனக் கொள்க. அச்சையும் உருளியையும் இணைக்கும் கோடு, வால்வு மூடியிருக்கும்போதே தண்டுக்குச் செங்குத்தாக நின்றால், முழுத் திறப்பில் உருளி 1.84 மில்லிமீற்றர் குறுக்கே நகரும். அக்கோடு பாதித் திறப்பிற் செங்குத்தாக நின்றாலோ, நகர்ச்சி 0.45 மில்லிமீற்றர் மட்டுமே. நெம்பும் அதுவே, கேமும் அதுவே. நிற்கும் உயரம் மாத்திரம் வேறு. நகர்ச்சியோ நாலில் ஒன்றாயிற்று.

ஆகவே தேர்ந்த கைவினைஞர் பாதித் திறப்பையே அளவுகோலாகக் கொள்வர். முதலில் மெல்லிய வில்லையும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க தள்ளுகோலையும் பூட்டுவர். கடிகாரமானியால் முழுத் திறப்பை அளந்து, அதிற் பாதியில் எந்திரத்தை நிறுத்திச் செங்கோணத்தைச் சரிபார்ப்பர். பின்னர் தண்டின் உச்சியில் மை தடவிச் சுழற்றினால், உருளி தேய்த்த தடம் தோன்றும். அத்தடத்தின் அகலம் உயரத்தைக் காட்டும். அத்தடம் நடுவிலிருந்து விலகி நிற்பதோ பெரும்பாலும் நெம்பின் நீளத்தையோ திருகாணியின் இடத்தையோ பொறுத்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, தடத்தை நடுவுக்குக் கொணரத் தள்ளுகோலின் நீளத்தை மாற்றுவோர், அகலத்தைக் கூட்டிவிடுவதுண்டு.

உயரத்தை மாற்றும் வழியும் அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். தனித் திருகாணியில் ஆடும் றொக்கருக்கு அதனைத் தீர்மானிப்பது தள்ளுகோலின் நீளம். பொது அச்சில் ஆடும் றொக்கருக்கோ அச்சுத் தாங்கியின் உயரம். தாங்கியின் அடியில் மெல்லிய தகடு வைத்தே அதனைத் திருத்துவர். தலையைச் சீவினாலும், வால்வை மீண்டும் மீண்டும் அரைத்து இருக்கையில் ஆழ இறக்கினாலும், கேம் தண்டை மாற்றினாலும் பழைய அளவு பொருந்தாது. மறுபடியும் அளந்தே ஆகவேண்டும்.

பொது அச்சில் றொக்கர் ஆடும் எந்திரங்கள் இலங்கைத் தமிழருக்கு அந்நியமானவை அல்ல. 1952 முதல் மொறிஸ் மைனர் வண்டிகளிற் பொருத்தப்பெற்ற ஒஸ்ரின் எந்திரமும், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வண்டியின் எந்திரமும் அவ்வகையினவே. 1990களின் போர்க்காலத்தில், பெட்ரோல் கிடையாத யாழ்ப்பாணத்தில், அப்பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவற்றுள் அவையும் இருந்தன. புதிய உதிரிப்பாகம் வந்துசேர அரிதான அந்நாளில், ஒரு வால்வுக் குழல் தேயாது நின்றதும் ஓர் உயிர் காக்கும் காரியமாயிற்று.

விலையுயர்ந்த உருளியும் தவறான உயரத்தில் நின்றால் தண்டை நெரிக்கும். எளிய தகட்டு நெம்பும் சரியான உயரத்தில் நின்றால் நெடுங்காலம் உழைக்கும். வாட் தம் பெருநெம்பின் முனையிற் கண்ட உண்மை, விரலளவு நெம்பிற்கும் பொருந்துகிறது.