மூன்று வாங்கினால் நான்கு

2009 பிப்ரவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் ஃபெனோம் 2 எக்ஸ்3 720 என்றொரு ப்ராசஸரை 145 டாலருக்கு வெளியிட்டது. மூன்று கோர். அது என்னங்க மூன்று, இரண்டு நான்கு என்றுதானே வரும் என்று பலரும் தலையைச் சொறிந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்தச் சில்லு பிறந்ததே நான்கு கோரோடுதான். ஒரே சிலிக்கான் தகட்டில் மொத்தமாகச் சில்லுகளை உருவாக்கும்போது, சிலவற்றில் ஒரு கோர் சொத்தையாகிவிடும். தூக்கி எறிய மனசு வருமா? அதை மட்டும் அணைத்துவிட்டு மிச்சத்தை மலிவாக விற்பார்கள். அதே ஜூனில் வந்த எக்ஸ்2 550-ல் இரண்டு கோர்களை அணைத்திருந்தார்கள். ஆனால் மலிவு ரகம் நன்றாக விற்றால் சொத்தை மட்டும் போதாதே! நல்ல சில்லையும் பூட்டித்தான் அனுப்பவேண்டும்.

சாவி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. எஸ்.பி.750 சிப்செட் உள்ள மதர்போர்டுகளின் பயாஸில், ஓவர்க்ளாக் செய்பவர்களுக்காக ஏ.சி.சி. என்றொரு வசதி இருந்தது. சில போர்டுகளில் அதை 'ஆட்டோ'வுக்கு மாற்றியதும் நாலாவது கோர் விழித்துக்கொண்டது :-) அடுத்த சிப்செட்டான எஸ்.பி.850-ல் ஏ.எம்.டி. அந்த வசதியை எடுத்துவிட்டது. போர்டு கம்பெனிகள் விடுவார்களா? தாங்களே ஒரு வழி செய்தார்கள். ஆசுஸ் அதற்கு 'கோர் அன்லாக்கர்' என்று பெயரே வைத்தது.

பூட்டி விற்பது புதுசும் இல்லை. 1991-ல் இன்டெல் கொண்டுவந்த 486எஸ்எக்ஸ், தசமக் கணக்குப் பிரிவு இல்லாத மலிவு ரகம். ஆரம்பத்தில் வந்தவை அந்தப் பிரிவை அணைத்துவைத்த 486டிஎக்ஸ்களே. கணக்குப் பிரிவு வேண்டுவோருக்கு 487எஸ்எக்ஸ் தனியாக விற்றது. அதுவும் முழு 486டிஎக்ஸ்தான்; பழையதைத் தூங்கவைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும்! 2010-ல் பென்டியம் ஜி6951-க்கு 50 டாலர் கார்டு ஒன்றை விற்றார்கள். அதிலிருக்கும் எண்ணைக் கொடுத்தால் பூட்டிய கேஷும் ஹைப்பர்-த்ரெடிங்கும் திறக்கும். பயங்கர எதிர்ப்பு. பிறகு கைவிட்டார்கள்.

காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பொருளுக்குள் இருப்பது யாருடையது? வாங்கியவருடையது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் உத்தரவாதம் மூன்று கோருக்குத்தான். சொத்தைக் கோரைத் திறந்தாலும் விண்டோஸ் எழும்பலாம், பாட்டும் பாடலாம், எப்போதாவது சத்தமில்லாமல் ஒரு கணக்கைத் தப்பாகவும் போடலாம். விளையாடும் பிள்ளைக்கு அது பெரிதில்லை. குழந்தைகளின் போட்டோவும் வீட்டு வரவு செலவும் இருக்கிற மெஷின் என்றால் பெரிது. பழைய ஃபெனோம் யாரிடமாவது இருந்து திறந்து பார்க்க ஆசைப்பட்டால், முதலில் பேக்கப் எடுங்கள். அப்புறம் ப்ரைம்95-ஐ ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பூட்டிவிடுங்கள். மூன்று கோருக்குத்தானே காசு கொடுத்தோம்!