உயரமும் பல்லும்: எல்கைப் பந்தயங்களில் வயது வரம்பின் தேவை

விருதுநகர், தூத்துக்குடி, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் பொங்கலையும் கோயில் விழாக்களையும் ஒட்டி மாட்டு வண்டி, குதிரை வண்டி எல்கைப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. விருதுநகரை அடுத்த சூலக்கரையைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தாருக்கு இவற்றின் பிரிவுகள் மனப்பாடம்: பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு. குதிரைகளையும் பெரியது, நடு, சிறியது என வகுப்பர். பிரிவு சிறுக்கச் சிறுக்கத் தூரமும் குறையும். போய்வர எட்டு மைல், ஆறு மைல் என விழாக் குழு எல்கை குறிக்கும். இந்தப் பகுப்பில் உருவமே முதன்மை. உருவப் பகுப்பு போட்டியாளர்களுக்குள் சமநிலையைத் தருகிறது. விலங்கின் உடலைக் காப்பதற்கு வயது வரம்பு தனியே வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குதிரை இரண்டு வயதிலேயே தன் முழு உயரத்தின் பெரும்பகுதியை எட்டிவிடுகிறது. எலும்பு முதிர்வதற்கோ இன்னும் பல ஆண்டுகள் ஆகும். எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் குளம்புப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக மூடுகின்றன. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள தட்டு மூட இரண்டு முதல் இரண்டரை ஆண்டு ஆகும். முதுகெலும்பில் உள்ளவை மூட ஐந்து வயதும் கடந்துவிடும். ஆகவே தார்ச்சாலையில் வண்டியிழுத்து ஓடும் நெடுநெடுவென்ற மூன்று வயதுக் குதிரை, எலும்பளவில் இன்னும் குட்டிதான்.

நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டிகளின் விதிகள் இதை ஏற்கின்றன. அமெரிக்காவின் நெடுந்தூரக் குதிரையோட்டச் சங்கம் 50 மைல் போட்டிக்கு 60 மாத நிறைவைக் கேட்கிறது. 1955 முதல் கலிபோர்னியாவில் நடைபெறும் 100 மைல் டெவிஸ் கோப்பைப் போட்டிக்கு 72 மாதம் தேவை. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் 160 கிலோமீட்டர் போட்டிக்கு எட்டு வயது வேண்டும். தூரம் கூடினால் வயதும் கூடுகிறது. வயது வரம்போடு வழிநிறுத்தச் சோதனையும் உண்டு. கால்நடை மருத்துவர் நாடி பார்ப்பார், தோலைக் கிள்ளி நீர்வற்றலை அறிவார், குதிரையை ஓடவிட்டு நொண்டல் உண்டா எனக் கவனிப்பார். இறுதிச் சோதனையில் தேறாத குதிரை முதலில் வந்திருந்தாலும் பரிசு பெறாது.

நம் சட்டத்தின் நிலை என்ன? 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11(1)(ஆ) பிரிவு, வயது காரணமாகத் தகுதியற்ற விலங்கை வேலைக்குப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் எந்த வயது என்று சொல்லவில்லை. 1965ஆம் ஆண்டு இழுவை விலங்கு விதிகள் ஒன்பது மணி நேர வேலை உச்சவரம்பையும், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை தடையையும் விதிக்கின்றன. 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. பின்னர் சல்லிக்கட்டை அனுமதித்த தமிழ்நாட்டின் 2017 திருத்தச் சட்டத்தை 2023 மே 18இல் ஏற்றது. ஆனால் அத்திருத்தம் தரும் சல்லிக்கட்டு வரையறையில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவை பெயர்சுட்டி இடம்பெறுகின்றன; வண்டிப் பந்தயம் இடம்பெறவில்லை.

வேலைக்கு வயது வரம்பு விதிப்பது சிவகாசி வட்டாரத்துக்குப் புதிதன்று. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் 14 வயதுக்குட்பட்டோரை 1986ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. 2016 திருத்தம் ஆபத்தான தொழில்களில் அவ்வரம்பை 18 ஆக உயர்த்தியது. ஆளின் உடற்கட்டு அங்கே வயதுச் சான்றாகாது. விலங்குக்குப் பிறப்புச் சான்று ஏது என்று கேட்கலாம். வாயைத் திறந்தால் சான்று கிடைக்கும். காளைக்கு ஏறத்தாழ இரண்டு வயதில் முதல் இரு நிலைப்பற்கள் முளைக்கும். நான்கு வயதளவில் நிலைப்பற்கள் எல்லாம் முளைத்துக் கடை சேரும். கீழுதட்டை விலக்கினால் சிறிய பால்பல்லும் அகன்ற நிலைப்பல்லும் வேறுபட்டுத் தெரியும். குதிரைக்கு இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் முன்பற்கள் இணையிணையாக மாறி, ஐந்தில் வாய் நிறையும். கொங்கு நாட்டு ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் காளைகளைப் பல் பார்த்து 200 மீட்டர், 300 மீட்டர் எனப் பிரிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு.

பந்தய விலங்கைப் பிள்ளைபோல் வளர்க்கிறோம் என்பார்கள் உரிமையாளர்கள். உண்மைதான். ஆனால் பருத்திக்கொட்டையும் உளுந்தும் தின்று செழித்த இளங்காளை வயதுக்கு மீறி வளர்ந்து, பெரிய பிரிவுக்கும் நீண்ட எல்கைக்கும் முன்கூட்டியே போய்விடுகிறது. உருவப் பகுப்பில் நல்ல வளர்ப்பே அதற்குக் கேடாக முடியலாம். வயது வரம்பு மட்டும் போதாது என்பதும் சரியே; பந்தய நாளுக்கு முந்தைய பயிற்சி ஓட்டத்தை அது தொடுவதில்லை. அதனால்தான் மருத்துவச் சோதனையும் உடன் வேண்டும்.

கடை சேராத காளையை ஆறு மைலுக்கு மேற்பட்ட எல்கைக்குப் பூட்டக் கூடாது. ஐந்து வயது நிறையாத குதிரையை எந்த எல்கைக்கும் பூட்டக் கூடாது. ஓடி முடித்த விலங்கு மருத்துவச் சோதனையில் தேறிய பின்னரே பரிசு அறிவிக்க வேண்டும். அனுமதி வழங்கும் மாவட்ட நிர்வாகமும் கால்நடை பராமரிப்புத் துறையும் இம்மூன்றையும் அனுமதி நிபந்தனைகளாக்க வேண்டும்.