தடைக்கால யாழ்ப்பாணத்தின் விளக்கொளி

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதையடுத்து யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் அரும்பொருளாயிற்று. இந்நிலையிற் பிறந்ததே ஜாம் போத்தல் விளக்கு. வெறும் போத்தலின் அடியிற் பஞ்சையிட்டு, அது நனையுமளவு மாத்திரம் எண்ணெய் வார்த்து, சிறு திரியொன்றை ஏற்றுவர். பஞ்சு உறிஞ்சியிருத்தலின் எண்ணெய் சிந்தாது. கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும். சுடர் சிறிதாதலிற் செலவும் சிறிதே. மாணவர் தலைமுறையொன்று பரீட்சைகளுக்குப் படித்தது இவ்வொளியிலேதான். மின்கலங்களும் தடைப்பட்டிருந்தமையால், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி மிதியைச் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். இவற்றை மக்களின் மதிநுட்பத்துக்குச் சான்றெனப் பாராட்டுவோர் பலர். பாராட்டு நியாயமானதே, எனினும், அம்மதிநுட்பத்துக்குக் கொடுத்த விலையை அது மறைத்துவிடுகிறது. மறுநாளைக்கும் எண்ணெய் வேண்டுமென்பதால் வீடுகள் முன்னிரவிலேயே இருண்டன.